நகருக்குக் குடிபெயருமுன் நாம் பார்க்க வேண்டியவை

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்” என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவருள் பலருக்கு இவ்விரண்டில் பின்னது மட்டுமே பழக்கமானது. வீட்டைப் பற்றிய கவலையைத் தோட்ட நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருந்தது. வேலைக்குப் பெயர் பதிந்ததும் லயத்தில் ஒரு வீடு கிடைத்தது. தண்ணீர்க் குழாய், பள்ளி, கோயில், மருந்தகம், ஆயாக்கொட்டகை யாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும், அதன்பின் வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வசதிகளுள் பலவற்றை நிர்வாகத்தின் கடமைகளாகவே வகுத்தன.

காலம் மாறிவிட்டது. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. நிலம் கைமாறியதால் வெளியேறியவர்கள் ஒருபுறம். பிள்ளைகளின் வேலையை முன்னிட்டு வெளியேறுவோர் மறுபுறம். ஓய்வுபெறும்போது வேலையோடு வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையில் உள்ளோரும் பலர். கிள்ளான், ஷா ஆலாம், ரவாங், காஜாங், சிரம்பான் என அவர்கள் போய்ச் சேரும் ஊர்கள் பல. போகுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய பெரியவர், தம் சேமிப்பில் பெரும்பகுதியைச் செலுத்தி அடுக்குமாடியின் நான்காம் மாடியில் ஒரு வீட்டை வாங்கியிருந்தார். அக்கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. அவருடைய துணைவியாருக்கோ முழங்கால் வலி. “வீடு நல்ல வீடுதாங்க ஐயா. ஆனா, கிழவி கீழே இறங்கி ஒரு வாரமாச்சு. தோட்டத்துல வாசல்ல உட்கார்ந்தா ஊரே தெரியும்; இங்கே கதவைத் திறந்தா சுவருதான் தெரியுது” என்றார். அவர் ஏமாற்றப்படவில்லை. வீட்டைப் பார்த்தவர், அதில் வாழப்போகும் தம் குடும்பத்தை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

தோட்டத்தில் வேலையைத் தேர்ந்தெடுத்தால் வீடும் பள்ளியும் கோயிலும் தாமாகவே அமைந்தன. நகரத்திலோ, வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வாடகையும் போக்குவரத்தும்

வாடகை குறைவு என்ற ஒன்றையே கருதித் தொலைவில் வீடு பார்ப்போர் பலர். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொலைவில் உள்ள வீட்டின் வாடகை 700 வெள்ளி; இரயில் நிலையத்திற்கு அருகில் உள்ள வீட்டின் வாடகை 800 வெள்ளி எனக் கொள்வோம். வேலைக்குப் போவோர் இருவர். தொலைவிலுள்ள வீட்டிலிருந்து வேலையிடம் 30 கிலோமீட்டர் என்றால், ஒருவர் நாளொன்றுக்குப் போக வர 60 கிலோமீட்டர்; மாதம் 26 நாளைக்கு 1,560 கிலோமீட்டர். ஒரு லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 39 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் இரண்டு வெள்ளி என வைத்தால் ஒருவருக்கு 78 வெள்ளி. இருவருக்கு 156 வெள்ளி. எண்ணெய் மாற்ற, டயர் தேய்மானத்திற்கு இருவருக்கும் 60 வெள்ளி. ஆக, வாடகையோடு சேர்த்து மொத்தம் 916 வெள்ளி.

கோலாலம்பூர் வட்டாரத்தில் மாதம் 50 வெள்ளிக்கு மலேசியக் குடிமக்களுக்குப் பயணச் சீட்டு உண்டு. ரேபிட் கேஎல் நிறுவனத்தின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பேருந்து ஆகியவற்றில் அதனைப் பயன்படுத்தலாம். நிலையத்திற்கு அருகில் உள்ள வீட்டில் இருவருக்கும் 100 வெள்ளியோடு செலவு 900 வெள்ளியில் முடிந்துவிடும். மலிவு என்று எண்ணிய வீடே 16 வெள்ளி அதிகமாகிறது! சாலையில் கழியும் நேரமும், மழைக்கால விபத்து அபாயமும் இக்கணக்கில் சேரவில்லை. ஆனால் ஒன்று: கேடிஎம் கொமுட்டர் இரயிலுக்கு இந்தச் சீட்டு செல்லாது. கிள்ளான், ரவாங், சிரம்பான் பகுதிகளில் வீடு பார்ப்போர் கொமுட்டர் கட்டணத்தைத் தனியே கணக்கிட வேண்டும். அவரவர் ஊதியத்தையும் தொலைவையும் இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

பள்ளி

2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம் என்பது குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும்போது, நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இடநெருக்கடி நிலவுகிறது. “பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது” என்று வீட்டுத் தரகர் சொல்வதோடு நின்றுவிடாமல், பெற்றோர் நேரில் சென்று தலைமையாசிரியரைக் காண வேண்டும். இடம் உண்டா, பள்ளிப் பேருந்து வருமா, மாதக் கட்டணம் எவ்வளவு, பாலர்பள்ளி இணைந்துள்ளதா என்று கேட்டறிய வேண்டும். இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருப்பின், தேர்வு ஆண்டின் நடுவில் மாற்றாமல் ஆண்டு முடியும்வரை பொறுத்திருப்பது நன்று.

மண்ணும் நீரும்

தோட்டத்தில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். புது ஊரில் அதனை நமக்கு யாரும் வலிய வந்து சொல்லமாட்டார்கள். 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் குன்றின் சரிவருகே நின்ற ஹைலண்ட் டவர்ஸ் கட்டடங்களுள் ஒன்று சாய்ந்து 48 பேர் உயிரிழந்தனர். ஆற்றோரத் தாழ்நிலமாயினும், குன்றின் அடிவாரமாயினும், விசாரித்தறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

இதற்கு எளிய வழி உண்டு. வீட்டை மூன்று முறை பாருங்கள். வேலை நாளின் காலை ஆறரை மணிக்கு ஒருமுறை. அப்போது சாலை நெரிசல் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை. தெருவிளக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பும் அப்போது விளங்கும். பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஒருமுறை. கால்வாய் நிலை தெரியும். சுவரின் அடியில் பழைய நீர்க்கோடு உண்டா என்றும் கவனியுங்கள். மூலைக்கடைக்காரரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். விற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆதலின் உள்ளதைச் சொல்வார்.

வாடகையா, சொந்தமா?

புதிய ஊரில் முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே அறிவுடைமை. வாடகைக்குப் பொதுவாக இரண்டு மாத முன்வைப்புத் தொகையும், ஒரு மாத முன்வாடகையும், நீர் மின் வைப்புத் தொகையும் கேட்கப்படும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவும், முத்திரை வரி செலுத்தப்படவும் வேண்டும். குறைந்த வருமானமுடையோர்க்கு அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மூன்று படுக்கையறை கொண்ட வீடுகள் மாதம் 124 வெள்ளி வாடகைக்குக் கிடைக்கின்றன. காத்திருப்போர் பலராதலின் முன்னரே விண்ணப்பித்து வைத்தல் நலம்.

புது வீடு வாங்குவோர் மூன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முதலாவது, வீடமைப்பு நிறுவனம் 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றதா என்பதை அமைச்சிடம் உறுதி செய்தல். இரண்டாவது, விற்பனை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் “புக்கிங்” பணம் என்று எதுவும் கொடாதிருத்தல். சட்டப்படி முதல் 10 விழுக்காடு கையொப்பமிடும்போதே செலுத்தத்தக்கது. மூன்றாவது, காலக்கெடுவை நினைவில் வைத்தல். தரைவீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பொது விதி. வீட்டைப் பெற்ற பின் 24 மாதத்திற்குள் காணும் குறைகளை நிறுவனமே சரிசெய்ய வேண்டும். செய்யாவிடில் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

அடுக்குமாடியில் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் ஒதுக்குநிதியும் உண்டு. குடியிருப்போர் அதைச் செலுத்தாவிட்டால் மின்தூக்கி நின்றுவிடும், குப்பை தேங்கும். ஆகவே கட்டடத்தின் நிலையைக் கண்ணால் கண்டபின் முடிவு செய்யுங்கள். முதியோர் உள்ள வீட்டுக்குக் கீழ்த்தளமே ஏற்றது.

சேமநிதியைப் பற்றியும் ஒரு சொல். 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டுக்காக எடுக்கத்தக்கது செஜாத்ரா கணக்கிலுள்ள தொகை. ஓய்வுக்கணக்கு முதுமைக்கு உரியது. ஓய்வுபெற்றதும் கைக்கு வரும் தொகை முழுவதையும் ஒரே வீட்டில் போட்டுவிட்டு, மருந்துக்கும் அரிசிக்கும் பிள்ளைகளை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

அக்கம்பக்கம்

தோட்டத்தில் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் லயமே கூடிவிடும். நகரத்தில் அவ்வுறவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நம்மவர் பலர் வாழும் பகுதியில் கோயிலும் மளிகைக்கடையும் உறவும் கிடைக்கும். அது முதியோர்க்குப் பெருந்துணை. அதே வேளையில் மலாய், சீன அண்டையாரோடும் மனம்விட்டுப் பழகுவது பிள்ளைகளின் எதிர்காலத்திற்கு நன்று. 1975-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கச் சங்கம் அப்பகுதியில் இயங்குகிறதா என்று கேளுங்கள். இயங்கினால், அது தெருவைப் பற்றிய ஒரு நல்ல சான்று.

குடிபெயர்ந்ததும் 30 நாள்களுக்குள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். வாக்காளர் முகவரியைத் தேர்தல் ஆணையத்தில் தனியே மாற்ற வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து வாங்குவோர், பழைய நிலையத்திலிருந்து குறிப்புக் கடிதம் பெற்று வாருங்கள்.

வாசக அன்பர்களே, இம்முடிவைக் குடும்பத் தலைவர் ஒருவரே எடுக்க வேண்டாம். பள்ளி செல்லும் மகள், வேலை தேடும் மகன், முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஆகிய அனைவரையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். மாடிப்படியில் அவர்களை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட பின் தெரியவரும் குறைகளுள் பல, அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.