கடல் தாண்டிய உண்ணிக்கொக்கு

பந்தலூர்ப் பக்கம் வயலில் மேயும் மாட்டின் காலடியிலேயே மஞ்சள் அலகோடு ஒரு வெள்ளைக் கொக்கு நடக்குமே, அதன் சொந்தபந்தம் எங்கெல்லாம் இருக்கிறது தெரியுமா நேயர்களே? உண்ணிக்கொக்கு ஒரு காலத்தில் ஆசியா, ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா என்ற எல்லைக்குள்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவில் போய் இறங்கியது. யாராவது கப்பலில் கொண்டுபோயிருப்பார்களோ என்று கேட்கலாம். ஹவாய்த் தீவுகளுக்கு 1959-இல் ஈக்களைக் கட்டுப்படுத்த மனிதர்களே கொண்டுபோனது உண்மைதான். ஆனால் தென் அமெரிக்காவுக்கு அது தானாகவே பறந்து போனது என்பதே பறவையியலாளர்களின் கருத்து. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அந்தத் திசையில் வீசும் காற்றும் கைகொடுத்திருக்கும். சரி, போன இடத்தில் நிலைத்தது எப்படி? மனிதரின் பங்கு அங்கேதான் வருகிறது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள், மாடுகளைப் பெருக்கினார்கள். மாடு அடியெடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளியை லபக்கென்று பிடிப்பதுதானே இந்தக் கொக்கின் பிழைப்பு! இன்று அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இது கூடு கட்டுகிறது.