தகப்பனும் மகனும் கட்டும் விமானம்



விளையாட்டுப் பொருள் கடைகளில் தட்டையான ஒரு பெட்டி விற்பார்கள். மேலே விமானத்தின் படம் இருக்கும். உள்ளேயோ மெல்லிய மரத் தகடுகள், குச்சிகள், தாள், கம்பிக் கொக்கி, முன்விசிறி, நீண்ட ரப்பர் வளையம், ஒரு வரைபடம் இவைதாம் இருக்கும். வெட்டி, ஒட்டி, விமானமாகக் கட்ட வேண்டியவர் வாங்கியவரே.

எங்கள் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு இத்தகைய பெட்டி பரிசாகக் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து விசாரித்தோம். "பெட்டியிலேயே இருக்கு சார். நான் என்ன படிச்சவனா, வாத்தியாரைப் போய்க் கேளுன்னு அப்பா சொல்லிட்டாரு" என்றான்.

அவன் தந்தை பால்மரம் வெட்டுபவர். அன்று மாலையே அவர் வீட்டு அஞ்சடியில் போய் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தோம். "இங்கிலீசுல எழுதியிருக்கே சார்" என்று தயங்கினார். "எழுத்தைத் தம்பி படிக்கட்டும் அண்ணே, கத்தியை நீங்க பிடிங்க" என்றோம்.

இது அவரைத் தட்டிக்கொடுக்கச் சொன்ன வார்த்தை அன்று. பெட்டியிலுள்ளது பால்சா என்னும் மரம். தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டில் மிகுதியாக வளர்வது. அதே அளவு நீரின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். அழுத்தி வெட்டினால் நசுங்கும். ஒரே இழுப்பில் வெட்டினால் கத்தி நார் போகும் பக்கமெல்லாம் ஓடும். மெல்ல மெல்லப் பலமுறை கோடிழுத்தே வெட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினாலும் மரம் காயப்படுமே என்று நாள்தோறும் பட்டை சீவும் கைக்கு இதைக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? நாம் வெட்டிய துண்டைவிட அவர் வெட்டியது திருத்தமாக இருந்தது. அவருடைய மேற்பார்வையில் பையனும் இரண்டு துண்டு வெட்டினான்.

வரைபடத்தைப் பலகையில் விரித்து, பசை ஒட்டாதபடி மேலே மெழுகுத்தாள் போட்டு, குச்சிகளைக் கோட்டின் மேலேயே குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பசை துளியளவு போதும். முன்பொரு முறை பள்ளிக் கண்காட்சிக்கு நாமே ஒரு விமானம் கட்டினோம். உறுதியாக இருக்கட்டும் என்று பசையை அள்ளிப் பூசினோம். கல்லைப் போல் விழுந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விமானம் ஏன் பறக்கிறது? இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. முன்விசிறி காற்றைப் பின்னே தள்ளுவதால் விமானம் முன்னே போகிறது. விசிறியைச் சுழற்றுவது முறுக்கிய ரப்பர். நாம் விரலால் முறுக்கும் உழைப்பு அதில் சேர்ந்திருந்து, விட்டவுடன் வெளிப்படுகிறது. அந்த ரப்பரில் மண்ணெண்ணெயோ இயந்திர எண்ணெயோ படக்கூடாது, உப்பிக் கெட்டுவிடும்.

இந்த முறையை 1871-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் பூங்காவில் பறக்கவிட்டுக் காட்டியவர் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். அவர் முறையில் செய்யப்பட்ட பறக்கும் பொம்மை ஒன்றை 1878-இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். நம் நாட்டு ரப்பருக்கு மூலமான 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கியது அதற்கு முந்திய ஆண்டில்தான்! அந்தப் பிள்ளைகள் வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும். மூங்கில், தக்கை, தாள், ரப்பர் இவற்றால் ஆன பொம்மை அது. உடைந்ததும் அதைப் பார்த்துத் தாமே வேறு செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தது. எல்லாப் பக்கமும் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பது சிறு பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய தாயார் சூசன், வண்டி செய்யும் பட்டறையில் தம் தந்தையோடு பழகிக் கருவி பிடிக்கக் கற்றவர். பிள்ளைகள் அவரிடந்தான் யோசனை கேட்பார்கள். 1903 டிசம்பர் 17-இல் அவர்களுடைய உண்மை விமானம் முதன்முதலாக 12 விநாடி பறந்தபோது தாயார் உயிரோடு இல்லை.

ஆகவே பெட்டி வாங்க வசதியில்லையே என்று எவரும் ஏங்க வேண்டியதில்லை. மூங்கிலுக்கும் பட்டம் கட்டும் தாளுக்கும் தோட்டத்தில் பஞ்சமில்லை. எடை மட்டும் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவனின் விமானத்துக்கு வருவோம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரு விரல் நுனியில் தாங்கிப் பார்த்தோம். ஏறக்குறையச் சமமாக நின்றது. முதலில் ரப்பரை முறுக்காமல், லாலான் புல்லின் மேல் மெதுவாக வீசச் சொன்னோம். மூக்கை உயர்த்தித் தயங்கி, பொத்தென்று விழுந்தது. மூக்கின் எடை போதவில்லை என்று பொருள். சிறிது களிமண் ஒட்டினான் பையன். இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகே ரப்பரை முறுக்கினான். அது கால்வாயைத் தாண்டி, வளைந்து, ஒரு பால்மரத்துக் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது.

தந்தை கொக்கிக் கம்பால் இறக்கினார். ஓர் இறக்கை ஒடிந்திருந்தது. பையன் முகம் வாடியது. "வரைபடம் இருக்குல்ல, எடுத்துட்டு வா" என்றார் அவர். நாம் விடைபெறும்போது, அஞ்சடி விளக்கடியில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்.