ஐந்து ஏக்கருக்கு எந்த டிராக்டர்?

ஐம்பத்தைந்து வயது ஆனதும் ஊழியர் சேமநிதிப் பணம் முழுதாகக் கைக்கு வருகிறது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு, சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ தகப்பனார் விட்டுச் சென்ற நாலைந்து ஏக்கர் நிலம் அப்போதுதான் நினைவுக்கு வரும். போய்ப் பார்த்தால் இடுப்பளவு லாலான். புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது. "ஒரு சின்ன டிராக்டர் இருந்தால் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம்" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அடுத்த வாரமே கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். சேமநிதியில் பெரும் பகுதி இரும்பாக மாறி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அது நிலத்தில் உழைக்குமா, வாசலிலேயே நிற்குமா என்பதுதான் இவ்வார அரங்கின் பொருள்.

முதலில் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். டிராக்டரைப் பற்றி விற்பனையாளர் எவ்வளவோ சொல்வார். நிலத்தைப் பற்றி உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

பேராக் மண்ணுக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு 1877ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிர்ந்த மரமாக நிற்கிறது. அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, அவற்றை வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் வேதனையோடு குறிப்பிடுவது இதைத்தான். பேராசிரியர் உங்கு அஜிஸின் ஆய்வறிக்கை 1960களின் முற்பகுதியில் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். தொழிலாளர்களே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களாக வேண்டும் என்பது அவர் நோக்கம். இந்தப் பின்னணியை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர்களில் பலர் வைத்திருக்கும் சிறு நிலம் ஒரு காலத்தில் பால்மரக்காடாக இருந்த மேட்டு நிலம். மரம் போய்விட்டது, அடிக்கட்டை போகவில்லை. வேர் மண்ணுக்குள் கிடக்கிறது. சரிவில் அன்று வெட்டிய படித்தளங்கள் புல் மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. டிராக்டருக்கு இவை மூன்றுமே எதிரிகள்.

கிந்தா பள்ளத்தாக்கில் கதை வேறு. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடிக்கொண்ட பிறகு, பத்து காஜா, துரோனோ, கோப்பெங் பக்கங்களில் மிஞ்சியது வெண்மணலும் குட்டைகளும். மணல் மேலே உலர்ந்திருக்கும். சில அடி தள்ளி, மேலே காய்ந்து உள்ளே கூழாக இருக்கும் சேறு காத்திருக்கும். கனமான டிராக்டர் அதில் இறங்கினால் வெளியே எடுக்க இன்னொரு இயந்திரம் வேண்டும். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ கரையோரங்களில் நிலம் சமதளம். ஆனால் களிமண். வடிகாலுக்கு வடிகால் போட்டிருக்கும் பலகைப் பாலம் எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. ஒரே மாநிலத்துக்குள் இத்தனை வித்தியாசம் இருக்க, பக்கத்து ஊர்க்காரர் வாங்கிய டிராக்டரையே வாங்குவது சரியான முடிவாகாது.

அடுத்தது, டிராக்டர் தேவைதானா என்ற கேள்வி. விற்பனையாளர்கள் இதை விரும்ப மாட்டார்கள். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் என்பது சுமார் இரண்டு ஹெக்டர். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 16 டன் செம்பனைக் குலை. அப்படியானால் ஐந்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 32 டன். மாதம் இரண்டு அறுவடை என்று வைத்தால், ஒரு தடவைக்கு 1.3 டன், அதாவது இருபது கிலோ குலைகளாக அறுபத்தைந்து. இதைச் சாலையோரம் கொண்டு வந்து சேர்க்க டிராக்டர் வேண்டியதில்லை. மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டி போதும். சில ஆண்டுகள் முன்புவரை எருமை மாட்டு வண்டியே அந்த வேலையைச் செய்தது. செம்பனை மட்டும் வைத்திருப்பவர் டிராக்டர் வாங்கினால், மாதத்தில் இரண்டு நாள் ஓட்டி இருபத்தெட்டு நாள் நிறுத்தி வைப்பார். நிற்கிற இயந்திரம் ஓடுகிற இயந்திரத்தைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும், டீசலில் நீர் கோர்க்கும், எலி வயரைக் கடிக்கும்.

மரவள்ளி, சோளம், வாழை, காய்கறி, மாட்டுக்குப் புல் என்று கலந்து செய்கிறவருக்கு நிலைமை மாறுகிறது. மண்ணைக் கிளற வேண்டும், பாத்தி கட்ட வேண்டும், எரு ஏற்ற வேண்டும். அவருக்குச் சிறிய டிராக்டர் உண்மையாகவே இரண்டு ஆள் வேலை செய்யும். அப்படி இருந்தும், ஆண்டுக்கு ஒரே ஒரு உழவுதான் என்றால் பகுதி விவசாயிகள் சங்கத்தில் வாடகைக்கு உழவு கிடைக்குமா என்று ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எத்தனை குதிரைத்திறன்? இங்கேதான் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் டிராக்டரைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதற்குக் கருவி தேடுகிறார்கள். செய்ய வேண்டியது வேறு விதம். எந்தக் கருவி தேவை, அது எத்தனை அடி அகலம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். சுழல் கத்தி கொண்டு புல்லை வெட்டும் கருவிக்கும் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் அடி ஒன்றுக்குச் சுமார் ஐந்து குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. நாலடிக் கருவிக்கு இருபது. ஆனால் இந்த இருபது, எஞ்சினில் எழுதியிருக்கும் எண் அல்ல. பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்க வேண்டிய திறன். எஞ்சினின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வரை வழியிலேயே போய்விடும். எனவே நாலடிக் கருவிக்கு 25 குதிரைத்திறன் எஞ்சின் தேவைப்படுகிறது. விளம்பரத்தில் இந்த இரண்டு எண்ணில் பெரியதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும் என்ற எண்ணமும் நம்மவர்களிடம் உண்டு. செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஏழு மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும், வெட்டிய மட்டையை அடுக்கிய வரிசையில் வண்டி நுழையாது. வாழைத் தோட்டத்தில் இடம் இன்னும் குறைவு. மூவாயிரம் கிலோ டிராக்டர் ஈரக் களிமண்ணில் நாலு முறை போய் வந்தால் மண் சிமெண்டு போல் இறுகிவிடும். அதன் பிறகு வேர் எப்படி இறங்கும்? பேராக்கின் சிறு நிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இருபது முதல் முப்பது குதிரைத்திறனும், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையும், நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பும் போதும் என்பதே அரங்கின் கருத்து. நான்கு சக்கர இழுப்பை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் நாட்டு மழைக்கு அது ஆடம்பரம் அல்ல. கியர் வேண்டுமா, மிதித்தால் முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டாட்டிக் வேண்டுமா என்பது அவரவர் கையையும் பையையும் பொறுத்தது. கியர் மலிவு, பழுதுபார்ப்பதும் சுலபம்.

லாலானைப் பற்றி ஒரு வார்த்தை. ரோட்டவேட்டர் ஓட்டியதும் நிலம் அழகாகிவிடும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முன்பைவிட அடர்த்தியாக லாலான் முளைத்திருக்கும். மண்ணுக்கு அடியில் ஓடும் அதன் கிழங்குத் தண்டை ரோட்டவேட்டர் துண்டு துண்டாக்குகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. வெயில் காலத்தில் வட்டத்தட்டுக் கலப்பையால் ஆழமாகப் புரட்டி, காயவிட்டு, மறுபடியும் புரட்டினால்தான் அது அடங்கும். டிராக்டர் கடன் கட்டுகிறவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோவதற்கு இந்தப் புல்லும் ஒரு காரணம்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய டிராக்டர்

புது டிராக்டரின் விலை ஒரு நல்ல காரின் விலை. அதனால் பலர் கூபோத்தா, யன்மார், இசேகி போன்ற ஜப்பானிய ரெக்கண்டிஷன் வண்டிகளைத் தேடிப் போகிறார்கள். ஜப்பானியரின் வயல்கள் சிறியவை. அவற்றுக்காகவே செய்யப்பட்ட இந்தச் சிறு டிராக்டர்கள் உழைப்பில் சோடை போகாதவை. ஆனால் அவை அந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. எச்சரிக்கை வாசகங்கள் ஜப்பானிய மொழியில் இருக்கும். பல பழைய மாடல்களில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு கிடையாது. பி.டி.ஓ. தண்டுக்கு மூன்று, நான்கு வேகங்கள் இருக்கும். நம் சந்தைக் கருவிகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 540 சுற்றுக்கானவை. தெரியாமல் மேல் வேகத்தில் போட்டால் கருவி சிதறும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான பழைய கூபோத்தா டிராக்டர்களை அங்கே இறக்குமதி செய்தார்கள். அமெரிக்காவுக்கென்று தயாரிக்கப்பட்டவற்றிலிருந்து இவை பாதுகாப்பு அமைப்பிலும் உதிரிப் பாகங்களிலும் வேறுபடுகின்றன என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் இறக்குமதியைத் தடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இங்கே வாங்குகிறவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பின்பக்கக் கைகளில் பாரத்தை ஏற்றித் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கலாம். அதற்குள் பாரம் கீழே வந்துவிட்டால் ஹைட்ராலிக் தேய்ந்திருக்கிறது. ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். மிதிகளின் தேய்மானம் பொய் சொல்லாது. பளபளக்கும் புதுப் பெயிண்டு எதற்கும் சாட்சியல்ல.

கட்டை பிடுங்கும் சங்கிலி

இனிச் சொல்வது பணத்தைப் பற்றியது அல்ல. பழைய தோட்ட நிலத்தில் டிராக்டர் வந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றும் ஆசை, பால்மர அடிக்கட்டையைப் பிடுங்குவது. சங்கிலியைக் கட்டையில் சுற்றி, மறுமுனையைப் பின் அச்சுக்கு மேலே எங்காவது மாட்டி, ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார்கள். கட்டை அசையாது. சக்கரம் முன்னே உருள முடியாததால், டிராக்டரே பின் அச்சைச் சுற்றி எழும்புகிறது. முன்பக்கம் தூக்கியதிலிருந்து மல்லாந்து விழும் வரை ஆகும் நேரம் சுமார் ஒன்றரை நொடி. குதிப்பதற்கு நேரம் இருக்காது. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய மும்முனை இணைப்பு, கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் பின்னால் கவிழும் ஆபத்தையும் குறைத்தது. இன்று எல்லாச் சிறிய டிராக்டரிலும் இருப்பது அதே அமைப்புதான். அதைத் தாண்டி மேலே சங்கிலி கட்டுகிறவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே கழற்றி விடுகிறார். இழுப்பதற்கான கொக்கி தாழ்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கட்டையைப் பிடுங்க எக்ஸ்கவேட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே மேல்.

பக்கவாட்டில் கவிழ்வதும் உண்டு. புல் மூடிய படித்தள விளிம்பில் ஒரு சக்கரம் இறங்கினால் போதும். 15 பாகைக்கு மேல் சரிந்த இடத்தில் சிறிய டிராக்டர் வேண்டாம். சுவீடன் 1959இலேயே புது டிராக்டர்களில் பாதுகாப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் பெரிதும் குறைந்தார்கள். செம்பனை மட்டை இடிக்கிறது என்று இரும்பு வளைவை மடக்கி வைப்பவர்கள், வெளியே வந்ததும் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தியிருக்கும்போது இருக்கைப் பட்டியும் போட வேண்டும். பட்டி இல்லாவிட்டால், காக்க வேண்டிய அந்த வளைவே நசுக்கிவிடலாம். பி.டி.ஓ. தண்டு நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. கைலி கட்டிக்கொண்டு அதன் பக்கம் போகிறவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நிலத்தின் பத்திரமும் டிராக்டர் விஷயத்தில் முக்கியம். சொந்தக் கெரான் இருக்கிறதா, அல்லது தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் பயிர் செய்கிறாரா? 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு இறுதியோடு முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, பிள்ளைக்கும் போகாது. ஓராண்டு நிலத்துக்கு ஐந்து, ஏழு ஆண்டுக் கடனில் டிராக்டர் வாங்குவது பொருந்தாது. டீசல் செலவும் உண்டு. 25 குதிரைத்திறன் டிராக்டர் வேலையின்போது மணிக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தபோது, தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டது. உரிய இலாகாவில் பெயர் பதிந்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது. சாலையில் ஓட்டுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவும் டிராக்டருக்கான உரிமமும் வேண்டும்.

கடைசியாக, கடை முற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. வாங்கப் போகும் கருவியையும் மாட்டி, நிலத்துக்கே கொண்டு வரச் சொல்ல வேண்டும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. உதிரிப் பாகம் ஈப்போவில் கிடைக்குமா, மெக்கானிக் நிலத்துக்கு வருவாரா, வந்தால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலத்துக்கு வர மறுக்கிற விற்பனையாளர் பழுதாகும்போதும் வர மாட்டார்.