வண்டி விபத்தும் கழுத்தின் சிறு மூட்டுக்களும்

மோட்டார் வண்டியொன்று வீதியோரத்தில் நிற்க, மற்றொன்று பின்னால் வந்து மோதுகின்றது. பம்பர் சிறிது நெளிந்ததன்றி வேறு சேதமில்லை. உள்ளிருந்தவர் இறங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வீடு போய்ச் சேர்கின்றார். மறுநாட் காலையிற் கழுத்துத் திரும்ப மறுக்கின்றது. பிடரி தொடங்கித் தோள்வரை நோ. எக்ஸ்ரேப் படத்திலோ ஒரு குறையுங் காணப்படவில்லை. மாதங்கள் பல சென்றும் நோத் தீராதபோது, மேலதிகாரியும் சிலவேளை வீட்டாருமே "நடிப்போ?" என ஐயுறத் தொடங்குகின்றனர். காப்புறுதிக் கம்பனியின் ஐயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வையம் நியாயமானதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அமெரிக்க என்பு வைத்தியர் ஹரல்ட் குரோ என்பார் 1928 ஆம் ஆண்டில் இக்காயத்தைச் சவுக்கு வீச்சுக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார். பெயர் நிலைத்துவிட்டது, உவமைதான் முற்றும் பொருந்தவில்லை. தலை பின்னோக்கி வீசப்படுவதே கேட்டுக்குக் காரணமென நெடுங்காலம் எண்ணினர். உண்மையில் முதலில் நிகழ்வது தலை பின்தங்குதலேயாம். நியூட்டனின் முதலாம் விதியை மனனஞ் செய்த மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இருக்கை முதுகைத் தள்ள, உடல் முன்னோக்கியுஞ் சிறிது மேனோக்கியுஞ் செல்கின்றது. ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையுள்ள தலையோ சடத்துவத்தால் நின்றவிடத்திலேயே நிற்கின்றது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட கழுத்து, கீழ்ப்பகுதி பின்னோக்கியும் மேற்பகுதி முன்னோக்கியுமாக, ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல வளைகின்றது. ஒரு செக்கனின் பத்திலொரு பங்கினுள் யாவும் முடிந்துவிடும். தசைகள் இறுகிக் காப்பதற்கு அவகாசமில்லை.

கழுத்தில் உள்ளவை ஏழு முள்ளென்புகள். இரண்டாவதற்குக் கீழே, அடுத்தடுத்த என்புகளைப் பின்புறத்தில் இடம் ஒன்று வலம் ஒன்றாகச் சிறு மூட்டுக்கள் இணைக்கின்றன. முன்னேயுள்ள இடைத்தட்டைப்பற்றிப் பலருங் கேள்விப்பட்டிருப்பர்; இம்மூட்டுக்களையோ மருத்துவ மாணவர்தாமும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். கழுத்து இயல்பாக வளையும்போது இவற்றின் முகங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லும். மேற்கூறிய வளைவிலோ, வழுக்குதற்குப் பதிலாகப் பின்விளிம்புகள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன. 1999 இல் யப்பானிய ஆய்வாளர் பத்துத் தொண்டர்களைச் சறுக்கு வண்டியில் இருத்தி, மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் மோதச்செய்து, அசையும் எக்ஸ்ரேப் படத்தில் இதனைக் கண்டனர். நாம் நடக்கும் வேகத்திலுங் குறைந்த வேகமது!

மூட்டின் உறை சிறிது கிழிந்தாலும் உள்ளிருக்கும் மென்மடிப்பு நசிந்தாலும் படத்திற் புலப்படுவது அரிது. ஆகவே அவுஸ்திரேலியாவிலே பொக்டக்கும் அவர்தங் குழுவினரும் வேறொரு வழி கண்டனர். மூட்டுக்குச் செல்லும் நுண்ணரம்பை மரக்கச்செய்யும் மருந்துகள் இரண்டு. ஒன்றன் பயன் குறுகியது, மற்றதன் பயன் நெடியது. எந்நாளில் எது செலுத்தப்பட்டதென்பது நோயாளிக்குத் தெரியாது. மருந்தின் கால அளவுக்கேற்ப நோத் தணிந்தாற்றான் மூட்டைக் குற்றஞ்சாட்டுவர். நாட்பட்ட நோயாளர் ஐம்பதின்மரை இவ்வாறு சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேரின் நோவுக்கு இச்சிறு மூட்டுக்களே காரணமெனக் கண்டு 1995 இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், இவ்வாறு உறுதிப்பட்ட இருபத்துநால்வருட் பன்னிருவருக்கு அந்நரம்பை ஊசிமுனை வெப்பத்தாற் செயலிழக்கச் செய்தனர். ஏனைய பன்னிருவருக்கு ஊசி மட்டுமே, வெப்பமில்லை. நோ பழைய அளவிற் பாதிக்கு மீள, முன்னையோர்க்கு நடுமதிப்பாக 263 நாட்கள். பின்னையோர்க்கு 8 நாட்கள். யாருக்கு எதுவென்று அறியாதவர் எங்ஙனம் இவ்வளவு ஒழுங்காக நடிப்பர்? நரம்பு மீண்டும் வளர்வதால் நோவுந் திரும்புவதுண்டு. அப்போது சிகிச்சையை மறுபடியுஞ் செய்யலாம்.

எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறுவர். முன்னாளிற் கழுத்துப்பட்டியை வாரக்கணக்கில் அணிவித்தனர். இப்போதோ கூடியவிரைவில் மெல்ல அசைக்கவும் வழக்கமான வேலைகளைத் தொடரவுமே கூறுவர். எனினும் நடுப்பிடரியில் தொட்டவுடன் நோதல், கைகால் விறைத்தல் அல்லது பலங்குன்றல், கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்ப இயலாமை ஆகியவை காணப்படின் என்பு முறிந்ததோவென ஐயுறல்வேண்டும். அத்தகையவரைத் தூக்கி இருத்தாது, தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு, 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து அம்புலன்சை வரவழைத்தல் வேண்டும்.

நம்மவர் போற்றிப் பேணும் பழைய ஒஸ்ரின் ஏ-40 வண்டிகளில் இருக்கையின் சாய்வு தோளளவோடு நின்றுவிடும், தலைக்குத் தாங்கலில்லை. புதிய வண்டிகளில் தலைதாங்கி உண்டு. ஆனால் அதனைத் தலையணையென எண்ணிக் கீழே இறக்கி வைத்திருப்பவர் பலர். அதன் மேல்விளிம்பு தலையுச்சி மட்டத்திலும், முகப்புப் பிடரிக்கு மிக அண்மையிலும் இருந்தாலன்றித் தலை பின்தங்குவதை அது தடுக்கமாட்டாது.