இலவச நாளில் இரண்டே சிலைகள்

மே 18 சர்வதேச அருங்காட்சியக தினம். 1977 முதல் கொண்டாடப்படும் இந்நாளையொட்டிப் பல அருங்காட்சியகங்கள் கட்டணம் வாங்குவதில்லை. 2022-இல் மத்திய கலாசார அமைச்சகம் மே 16 முதல் 20 வரை ஐந்து நாட்கள் தன் அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி அளித்தது.

டிக்கெட் வாங்கினால், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடுவோம். குழந்தைகள் கால் வலிக்கிறது என்பார்கள். இலவச நாளில் அந்த அவசரம் இல்லை. டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நான் பிள்ளைகளுக்குக் காட்டியது இரண்டே சிலைகள்: மொகஞ்சதாரோ நடன மங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளம் நடராசர். மங்கையின் உயரம் 10.5 செ.மீ. தான். இரண்டுமே மெழுகில் வடித்து வார்த்தவை. இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல்!

ஊர்க் கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையுமாகவே பார்த்திருக்கிறோம். இங்கே தோளின் வளைவும் விரல் நுனியும் தெளிவாகத் தெரிகின்றன. பூசையின்றி நிற்கிறாரே என்று மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும், விடுமுறைக்கு மட்டும் ஊரைப் பார்க்கும் நம் பிள்ளைகள், நம் சிற்பியின் கைத்திறனை இவ்வளவு அருகில் வேறெங்கே காண்பார்கள்?

இலவச நாள் எது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள். இரண்டு சிலைகளை நின்று பார்த்தாலே போதும். மீதி அடுத்த முறைக்கு இருக்கட்டும்.