மாடு கொழுக்கும் புண்ணாக்கில் கோழி ஏன் இளைக்கிறது?

குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். லயத்துப் பின்னால் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார்.

"கடைத் தீவனம் கட்டுப்படியாகலீங்க. செம்பனைப் புண்ணாக்கு மலிவாச்சேன்னு அதையே போட்டேன். கோழி இளைச்சுப் போச்சு. அதே புண்ணாக்கைத் தின்னுட்டு மாடு கொழுக்குது. இது என்னங்க ஞாயம்?"

ஞாயமான கேள்விதான். இது அந்த அம்மாவின் கவலை மட்டுமல்ல. நாட்டுக்கே உள்ள கவலை.

கோழி வளர்க்க ஆகும் செலவில் 100க்கு ஏறக்குறைய 70 பங்கு தீவனத்துக்கே போகிறது. தீவனத்தில் பெரும்பங்கு ஜாகோங். அது அர்ஜெந்தினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2022இல் உக்ரேனில் போர் மூண்டு தானிய விலை ஏறியதும் இங்கே தீவன விலையும் ஏறியது. கோழிக்குத் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு உயிர்க்கோழி ஏற்றிப்போன லோரிகள் நின்றன. எங்கோ நடந்த சண்டை நம் அடுப்படிவரை வந்துவிட்டது!

ஆனால், நாம் வெட்டிப்போடும் குலையின் பருப்பை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு எங்கே போகிறது? பெரும்பகுதி நியூசிலாந்து போன்ற நாடுகளின் மாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அதில் 100க்கு 14 முதல் 18 பங்குவரை புரதம் உண்டு. பிறகு ஏன் நம் கோழிக்கு ஒத்துக்கொள்ளவில்லை?

சத்து இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. புண்ணாக்கில் நார் அதிகம். அந்த நாரில் மன்னான் என்ற பொருள் மிகுதி. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். கோழியின் குடலுக்கு அந்தச் சக்தி இல்லை.

நம் பாட்டன்மார் ஊரில் விளையும் துவர்ப்புச் சோளத்திலும் இப்படி ஒரு பூட்டு உண்டு. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கோழி உடம்பில் சேரவிடாது. சோளத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்தோ, ஈரமாக்கிக் காற்றுப் புகாமல் மூடிவைத்தோ அந்தத் துவர்ப்பைக் குறைக்கிறார்கள். பூட்டு வேறானால் சாவியும் வேறு. புண்ணாக்குக்குச் சாவி, மன்னானை உடைக்கும் நொதி. அதைத் தீவனத்தில் கலக்கலாம். அல்லது தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களைக் கொண்டு புண்ணாக்கைப் புளிக்கவைக்கலாம். செர்டாங்கிலுள்ள மார்டியும் புத்ரா பல்கலைக்கழகமும் இந்த ஆராய்ச்சியில் இறங்கியவை.

இனி, லயத்தில் கோழி வளர்ப்பவர்கள் கவனிக்கவேண்டியவை:

புண்ணாக்கை மட்டும் தனியாகப் போடாதீர்கள். வளர்ந்த கோழிக்குத் தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். குஞ்சுகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஓட்டுத்துண்டுகள் கிடக்கும், சலித்துப் போடுங்கள்.

இந்தப் புரதத்தில் சில சத்துகள் குறைவு. நெத்திலித் தலை, கருவாட்டுத் தூள், சோயாப் புண்ணாக்கு, இவற்றில் கிடைத்ததைக் கொஞ்சம் சேருங்கள்.

வீட்டில் புளிக்கவைத்துப் பார்க்காதீர்கள். கண்ட பூஞ்சணமும் ஏறினால் நஞ்சாகிவிடும். பூத்துப்போன புண்ணாக்கையும் சிக்கு வாடை அடிக்கும் புண்ணாக்கையும் தூர எறியுங்கள்.

செம்மறி ஆடு வைத்திருப்போரும் உஷார்! இதிலுள்ள செம்புச்சத்து அதற்கு ஆகாது. அதிகம் தின்றால் செத்துப்போகும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். "அப்ப தப்பு புண்ணாக்கிலே இல்லே, போட்ட அளவிலேதான்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

உண்மைதான். ஆனால் அளவறிந்து போடுவது நம் வேலை என்றால், பூட்டைத் திறக்கும் சாவியை மலிவாக்கித் தருவது ஆலைக்காரர்களின், அரசாங்கத்தின் வேலை. 2023 நவம்பர் 1இல் கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டன. இனி தீவன விலை ஏறினால் அந்தச் சுமை நேரே நம் சட்டியில்தான் விழும். நம் வியர்வையில் விளைந்த பொருள் நம் கோழிக்கும் உதவட்டும் என்று கேட்பதில் தவறென்ன?