குரோமியத்தில் ஆக்சியான் சாயல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளின் டிரம்களில் தோலோடு சுழலும் குரோம் உப்பில் இருப்பது, மூன்று எலெக்ட்ரான்களை இழந்த குரோமியம் அயனி. கொலாஜன் இழைகளைப் பிணைத்து, தோலை வெளிர்நீல 'வெட் புளூ' ஆக்குவது அதுதான். அதே அயனி ஆக்சிஜனோடு சேர்ந்து படிகமானால் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு. பெயின்ட் நிறமியான இந்தப் பொருளில், இன்றுவரை பிடிபடாத ஆக்சியான் துகளின் சாயல் தெரிகிறது.

ஆக்சியான், 1977இல் இயற்பியலாளர்கள் பெச்சியும் குவினும் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த அனுமானத் துகள். மின்புலத்தில் பொருள் மின்முனைவு பெறும், காந்தப்புலத்தில் காந்தமாகும், இது வழக்கம். ஆக்சியான் புலம் இருந்தால் வேலை இடம் மாறுகிறது: மின்புலம் காந்தமாக்குகிறது, காந்தப்புலம் மின்முனைவைத் தருகிறது. விந்தை என்னவென்றால், அந்தப் புலம் எங்கும் ஒரே அளவாக, மாறாமல் இருந்தால் விளைவே தெரியாது. மட்டமாக நிற்கும் ஏரி நீர் ஓடாது, சரிவு கிடைத்தால்தான் ஓடும். அதுபோல, அளவு மாறும் இடத்தில், அதாவது பொருளின் மேற்பரப்பில், அல்லது காலத்தோடு அளவு மாறும்போதுதான் அது வெளிப்படும்.

குரோமியம் ஆக்சைடில் அயனிகளின் காந்தத் திசை மேலும் கீழுமாக மாறி மாறி அமைகிறது. அதனால் மொத்தத்தில் அது காந்தமல்ல. ஆனாலும் மின்புலம் கொடுத்தால் காந்தமாகும் என்று 1959இல் இயற்பியலாளர் ஜியாலோஷின்ஸ்கி கணித்தார். மறு ஆண்டே ஆஸ்ட்ரோவ் அளந்து காட்டினார். படிக அச்சின் நெடுக்கிலும் குறுக்கிலும் இந்த விளைவு வெவ்வேறு அளவு. அதில் எல்லாத் திசைக்கும் பொதுவான பங்கைப் பிரித்தால் கிடைப்பது அப்படியே ஆக்சியான் விளைவின் வடிவம். அது சுழியல்ல என்று ஹெல் குழுவினர் 2008இல் நிறுவினர். அளவு என்னவோ மிகச் சிறியதுதான்.

சுமார் 34 டிகிரி செல்சியசில் அந்தக் காந்த ஒழுங்கு கலைந்து, விளைவும் மறைகிறது. மே மாத வேலூர் வெயிலில் படிகத்தை வெளியே வைத்தால் அது வெறும் பச்சைக் கல்.

இந்தத் தோல் ஊர்களில் குரோமியம் என்றாலே ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே நஞ்சாவது ஆறு எலெக்ட்ரான் இழந்த வேறு வடிவம். பல பத்தாண்டுகள் அதை மழையில் ஊறவிட்டதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

மீண்டும் படிகத்துக்கு வந்தால், அதில் தெரிவது ஆக்சியான் விளைவின் வடிவமே. துகள் இருப்பதற்கான சான்றல்ல. துகளைத் தேடுவோர், 1983இல் இயற்பியலாளர் சிக்கிவி சொன்ன வழியில், வலுவான காந்தத்துக்குள் வைத்த உலோக அறையில் ஆக்சியான் நுண்ணலையாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆக்சியான் விளைவின் அளவே காலத்தோடு அதிரக்கூடிய காந்தப் பொருள்களைத் தேடல் கருவியாக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டுள்ளது.